மிக்கேலிடம் கேட்காத ஏழு கேள்விகள்

போன மாதம் இரண்டு பெண்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் அக்குபங்சர் வகுப்பு நடத்துகிறவர்கள். முதல் அணி படித்து முடித்துவிட்டதாம். சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "உயிராற்றல்னா என்னன்னு நீங்கதான் எழுதித் தரணும் மேடம். இதுல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவங்க ஊருல வேற யாரு இருக்காங்க?" என்றார்கள். போகும்போது வகுப்பு நோட்டீஸ் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. நோயாளியிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை, நாடியே எல்லாம் சொல்லிவிடும்.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மலரில் போடுவார்களா என்று தெரியவில்லை.

என் பெயர் அமலி. சொந்த ஊர் புன்னைக்காயல். நர்ஸ் படிப்பு முடித்து ஒரு மருத்துவமனையில் ஒன்றரை வருடம் பார்த்தேன். பிறகு டாக்டர் நல்லபெருமாளின் கிளினிக்கில் சேர்ந்தேன். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் இரண்டு அறைகள், நான்கு கட்டில்கள், அவ்வளவுதான் கிளினிக். டாக்டர் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். எம்.பி.பி.எஸ். படித்துப் பல வருடம் மருந்து எழுதியவர். நடு வயதில் கொழும்புக்குப் போய் ஊசி மருத்துவம் கற்றுக்கொண்டு வந்தார்.

முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசிகளைக் கழுவினேன். ஸ்டெரிலைசரில் வேக வைத்தேன். ஒவ்வொன்றையும் பஞ்சுக்குள் விட்டு இழுத்துப் பார்த்து, பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தால் முனை கெட்டுவிட்டது என்று தனியே எடுத்து வைத்தேன். கத்திரிக்காயில் குத்திப் பழகி, பிறகு என் முழங்காலுக்குக் கீழே நானே குத்திக்கொண்டேன். உடம்பில் பன்னிரண்டு பாதைகள், ஒவ்வொன்றிலும் இத்தனை புள்ளிகள் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஜெபமாலை சொல்வது போல வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவேன். பரீட்சை எழுதினேன், சான்றிதழும் வாங்கினேன்.

உயிராற்றலுக்குச் சீனர்கள் சொல்லும் சீ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நோயாளிகளும் சிரித்தார்கள். "என்ன டாக்டர், என்னயப் பாத்து சீங்கியோ?" என்று ஒரு பாட்டையா கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அதன் பிறகு வெளியாட்களிடம் உயிராற்றல் என்று சொன்னோம். எங்களுக்குள் பேசும்போது சீதான். சீனர்களின் கணக்குப்படி உடம்பில் ரத்தம் ஓடுவது போல சீயும் ஓடுகிறது. அது தடையில்லாமல் ஓடினால் சுகம். எங்காவது தேங்கினால் வலி. வற்றினால் சோர்வு, நின்றுவிட்டால் சாவு. ஊசி தேங்கிய இடத்தைத் திறந்துவிடுகிறது. ஊசியை ஏற்றி மெல்லத் திருப்பும்போது நோயாளிக்கு அந்த இடத்தில் ஒரு கனமும் உளைச்சலும் தெரியும். அதே நேரம் நம் விரலுக்கும் உள்ளே ஏதோ ஊசியைப் பிடிப்பது தெரியும். அதைத்தான் 'சீ வந்துவிட்டது' என்போம். வராவிட்டால் ஊசியை அப்படியே விட்டுக் காத்திருப்போம், மறுபடி திருப்புவோம்.

இதை நான் நம்பினேனா என்று கேட்டால், விரலால் நம்பினேன். வளைந்து வந்தவர்கள் நிமிர்ந்து போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அதிகம் பேச மாட்டார். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, நர்ஸாக வந்தவள் என்பதால் கடைசி வரை சிஸ்டர்தான். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருப்பார். நாடி பார்க்கும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த விரல் பட்டால் நோயாளியின் நாடி பயந்து துள்ளும் என்பார். பிறகு மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து, மேலே ஒரு முறை, அழுத்தி ஒரு முறை, இடது கையிலும் வலது கையிலும் பார்ப்பார். கண்ணை மூட மாட்டார், நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அந்த மூன்று விரல்களுக்கு முன்னால் ஒரு சீட்டு உண்டு. அவரே அச்சடித்து வைத்திருந்த அரைத்தாள், அதில் ஏழு கேள்விகள். காய்ச்சல் உண்டா? எடை குறைந்திருக்கிறதா? எங்காவது விழுந்தீர்களா? தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியா? கையோ காலோ மரத்துப் போகிறதா? சிறுநீரும் மலமும் வழக்கம்போலப் போகிறதா? நேற்று என்ன வேலை செய்தீர்கள்? இதை நான் கேட்டு நிரப்பி அவர் மேசையில் வைக்க வேண்டும். அதைப் படிக்காமல் அவர் நோயாளியைத் தொட மாட்டார். பதில் ஏதாவது கோணலாக இருந்தால் ஊசி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்.

இதனால் எங்களுக்கு வந்த ஆட்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். 'ஊசி போட வந்தா ஒண்ணுக்குப் போனியான்னு கேக்கியோ' என்று என்னைத்தான் திட்டினார்கள்.

ஒரு முறை துறைமுகத்திலிருந்து கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்காரர் ஒருவர் ஒரு சீனரை அழைத்துக்கொண்டு வந்தார். கப்பலின் தளத்து வேலையாட்களுக்குத் தலைவர், போசன் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு சீனரே நம்மிடம் ஊசிக்கு வந்திருக்கிறாரே என்று ஊசித் தட்டைத் துடைத்து வைத்தேன். "மொதல்ல சீட்டு" என்றார் டாக்டர்.

உடைந்த இங்கிலீஷிலும் கை ஜாடையிலும் ஏழு கேள்விகளையும் கேட்டு முடித்தேன். ஆறாவது கேள்விக்கு அவர் சுவரில் தொங்கிய காலண்டரின் சிவப்புத் தேதியைத் தொட்டுக் காட்டினார். சிறுநீர் சிவப்பாகப் போகிறது. டாக்டர் சீட்டைப் படித்தார், இடுப்பின் பக்கவாட்டில் மெல்லத் தட்டிப் பார்த்தார். போசன் துள்ளினார். "ஸ்கேன்" என்று சொல்லி டாக்டர் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த போசன் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். டாக்டர் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கண்ணாடி போட்டு மாட்டிய சீன எழுத்து அது, சீ என்பதுதான். மேலே இருக்கும் கோடுகள் ஆவி, கீழே இருப்பது அரிசி, சோறு வேகும்போது எழும் ஆவிதான் உயிர் என்று எங்களுக்கு அவர் பாடம் சொல்லியிருந்தார். போசன் சிரித்துக்கொண்டே என்னிடம் பேனா வாங்கி, காலண்டரின் பின்பக்கத்தில் அதே எழுத்தை எழுதினார். மேலே உள்ள கோடுகள் மட்டும் இருந்தன, அரிசியைக் காணோம். சுவரில் இருப்பது பழைய எழுத்து, தங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் சொல்லித்தந்தார்கள் என்றார். சீ என்றால் உங்களுக்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் கேட்டார். அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினார். என் டீ கிளாஸிலிருந்து எழுந்த ஆவியைக் காட்டினார். கன்னத்தை உப்பிக் கோபமாக முறைத்துக் காட்டி அதுவும் சீ என்றார். பிறகு குனிய முடியாமல் குனிந்து சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல இரண்டு தடவை கையை மேலும் கீழும் ஆட்டினார். அதுவும் சீ.

அவர் போன பிறகு டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சிஸ்டர், நாம சாமி படம் மாதிரி மாட்டி வச்சிருக்கோம். அவருக்கு இது டயர்ல அடிக்கிற காத்து" என்று சிரித்தார்.

"சீனாக்காரருக்கே ஊசி போடாம அனுப்பிட்டீங்களே டாக்டர்."

"சிறுநீரகத்துல கல்லு கெடந்தா அது எந்த ஊரு ஆளுன்னு பாக்குமா? ஊசி போட்டிருந்தா வலி கொறஞ்சிருக்கும். கொறஞ்சதும் கப்பல் ஏறியிருப்பாரு. நடுக்கடல்ல என்ன செய்வாரு?"

மறுநாள் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. கல்தான்.

டாக்டருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் ஒரு வருடம் பார்த்துவிட்டுக் கிளினிக்கை என்னிடம் விட்டு விளாத்திகுளத்துக்குப் போனார். நான் தனியாக நடத்தினேன். முதலில் சீட்டெல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கிற ஒருவர் வந்தார். ஆறு மாதமாகக் கையைத் தூக்க முடியாமல் இருந்தவருக்குப் பத்து நாளில் கை தலைக்கு மேலே போயிற்று. அதோடு அந்தத் தெருவே என்னிடம் வரத் தொடங்கியது. ஊசி அக்கா என்று பெயர் வைத்தார்கள். காலையில் படியில் வரிசை நிற்கும். சீட்டு நிரப்ப ஆள் இல்லை, நேரமும் இல்லை. அச்சடித்தது தீர்ந்துபோனபோது மறுபடி அச்சடிக்கவில்லை. அது மறதியால் நேர்ந்தது என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. என் விரலுக்குத் தெரியாததைத் தாளா சொல்லிவிடப் போகிறது என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்திருந்தது. ஆட்களிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். "நீ ஒண்ணும் சொல்லாண்டாம், கையக் குடு" என்பேன். அவர்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான்.

மிக்கேல் வந்தது ஒரு புதன்கிழமை காலை. பத்து, பத்தரை மணி இருக்கும். முப்பத்தைந்து வயது, சங்கு குளிக்கிறவர். எங்கள் அப்பா காலத்து ஆட்களைப் போல மூச்சை அடக்கி இறங்குகிறவர் அல்ல. படகில் காற்றடிக்கும் எந்திரம் ஓடும். நீளக் குழாயின் முனையை வாயில் கடித்துக்கொண்டு ஆழத்தில் வெகுநேரம் நின்று சங்கு பொறுக்குவார். முன்பே இரண்டு தடவை முதுகுவலிக்கு வந்திருக்கிறார். அன்று தனியாக வந்தார். வலது தோளை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"வாயு பிடிச்சிருக்கு அக்கா. நேத்துல இருந்து தோள்ல உளையுது. வயித்துத் தோல்ல வேற ஒரே அரிப்பு."

"கையக் குடு" என்றேன்.

நாடி பலமாக இருந்தது, கொஞ்சம் இறுக்கம். தோளில் சீ தேங்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன். வாயுப் பிடிப்பு என்று ஊரில் யார்தான் சொல்வதில்லை? உளுக்கினாலும் வாயு, வயிறு உப்பினாலும் வாயு. இரண்டு தடவை என்னிடம் வந்தபோதும் அவர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அதனால் மேலே கேட்கவில்லை.

தோளில் மூன்று ஊசிகள் வைத்தேன். சீ உடனே வந்தது, "ஆ, பிடிக்குது" என்றார். தோள் வலிக்கு முழங்காலுக்குக் கீழேயும் ஊசி வைப்பது வழக்கம். வெளிப்புறத்தில், எலும்பை ஒட்டி. வலது காலில் வைத்துத் திருப்பினேன்.

"தெரியுதா?"

"இல்ல அக்கா."

இன்னும் கொஞ்சம் ஆழமாக ஏற்றித் திருப்பினேன். என் விரலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மணலில் குத்தியது போல இருந்தது. காலில் சீ வரவில்லை, பாதை வறண்டு கிடக்கிறது என்று நினைத்தேன். கீழே இன்னும் இரண்டு ஊசிகள் வைத்தேன். தெரியவில்லை என்றார். வழக்கமாக இருபது நிமிடம் விடுவேன், அன்று நாற்பது நிமிடம் விட்டேன். பிறகும் வராததால் மூலிகைச் சுருட்டைப் பற்றவைத்தேன். சுருட்டு போல உருட்டிய காய்ந்த இலைதான். அதன் கங்கைத் தோலுக்கு ஒரு விரல் தூரத்தில் காட்டினால் சூடு உள்ளே இறங்கும். நோயாளி 'சுடுது' என்று சொன்னதும் எடுக்க வேண்டும். அதுதான் அளவு. வேறு அளவு கிடையாது.

மிக்கேல் சுடுகிறது என்று சொல்லவே இல்லை.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மீன் ஏலத்தில் நடந்த சண்டையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தற்செயலாகக் கீழே பார்த்தேன். தோல் வெந்து ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. பதறிச் சுருட்டை எடுத்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

இதைப் படிக்கிற யாருக்கும், ஏன், நர்ஸ் படிப்பு படித்த முதல் வருடத்து அமலிக்கும்கூட, அந்த இடத்தில் விளங்கியிருக்கும். கால் செத்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் சீ வராதது அல்ல. எனக்கும் சந்தேகம் தட்டியது உண்மை. ஆனால் கொப்புளத்துக்குக் களிம்பு தடவினேன். "சூடு நல்லா ஏறியிருக்கு" என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்து அவர் தோளை ஆட்டிப் பார்த்துவிட்டு, "தோளு லேசாயிட்டு அக்கா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வரச் சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போனார். படி இறங்கும்போது ஒரு கால் பின்னால் இழுபட்டது. அதையும் பார்த்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நாலு மணிக்கு அவர் மனைவி பிலோமி ஓடிவந்தாள். "அக்கா, அவருக்கு ரெண்டு காலும் வரல. மதியத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல. வயிறு கல்லு மாதிரி இருக்கு." கிளினிக்கை அப்படியே போட்டுவிட்டு அவளோடு போனேன். ஆட்டோவில் தூக்கி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பணியிலிருந்தவர் ஒரு இளம் டாக்டர். முதல் கேள்வியே, "நேத்து என்ன வேலை பாத்தீங்க?" என்பதுதான். மிக்கேல் சொன்னார். நாலு முறை இறங்கினேன், கடைசி முறை குழாயில் காற்று கம்மியாக வந்ததால் வேகமாக மேலே வந்துவிட்டேன் என்றார். அந்த டாக்டரின் முகம் மாறியது. ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். ஆழத்தில் அழுத்தத்தில் ரத்தத்தில் கரைகிற காற்று, வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழாகிவிடும், அது முதுகுத் தண்டை அடைத்திருக்கிறது என்று பிலோமியிடம் விளக்கினார். அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அது வெகுதூரம் என்றார்.

அதாவது காற்று. மிக்கேல் காலையில் என்னிடம் சொன்னது அதைத்தான். கடலில் அவர்களுக்குள் இதற்கும் வாயு பிடிப்பது என்றுதான் பேச்சாம்.

"எப்பயில இருந்து கால் மரத்துப் போச்சு? காலையிலயே ஏன் வரல?" என்று டாக்டர் கேட்டார். கேட்டுக்கொண்டே மிக்கேலின் காலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். "இது என்ன?"

"வெந்நி பட்டுட்டு சார்" என்றார் மிக்கேல்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"பக்கத்து வீடு" என்றேன்.

மிக்கேல் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோனார்கள், அழுத்த அறையில் பல நாள் வைத்தார்கள். இடது கால் பெரும்பாலும் திரும்ப வந்தது. வலது கால் வரவில்லை. காலையிலேயே வந்திருந்தால் முழுதாகச் சரியாகியிருக்குமா என்று அங்கே ஒரு டாக்டரிடம் பிலோமியின் அண்ணன் கேட்டானாம். மணிக்கணக்கு முக்கியம்தான், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். அந்த 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதில்தான் நான் இத்தனை வருடம் குடியிருக்கிறேன்.

அடுத்த வாரம் விளாத்திகுளம் போனேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சீட்டு எங்க?" என்றார்.

"நிறுத்திட்டேன் டாக்டர்."

"எப்ப?"

சொன்னேன். ஆடுகிற கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஏழு கேள்விகளில் இரண்டுக்காவது மிக்கேலின் பதில் கோணலாக இருந்திருக்கும் என்று அவர் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தேன். "சிஸ்டர், எனக்கு நாடியில நம்பிக்கை இல்லாம சீட்டு வைக்கல. என்மேல நம்பிக்கை இல்லாமத்தான் வச்சேன்" என்றார். பிறகு, "அந்த ஆளுகிட்டச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போவுது? அங்கன போயிச் சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. அடுத்த வருடம் டாக்டர் காலமானார். நான் அடக்கத்துக்குப் போய், ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்தேன்.

சீட்டை மறுபடி அச்சடித்தேன். வரிசை குறைந்தது. 'அக்கா முன்ன மாதிரி இல்ல, இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புதாவ' என்று பேச்சு வந்தது. அப்படி அனுப்பியவர்களில் ஓரிருவர் திரும்பி வந்து, நல்ல நேரத்தில் அனுப்பினீர்கள் என்று நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு மிக்கேலின் கால்தான் கண்ணில் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிளினிக்கை மூடினேன்.

மூடிய பிறகுதான் திரேஸ்புரத்துக்குப் போனேன். சம்பவம் நடந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மிக்கேல் வீட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து சங்கின் மேல்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். பிலோமி அவருக்கு எதிரே உட்கார்ந்து சுரண்டிய சங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மிக்கேல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். நின்றுகொண்டே சொன்னேன். கையைப் பிடித்ததைத் தவிர அன்று எதையும் கேட்கவில்லை. காலில் சூடு தெரியாதபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இழுத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்து வீடு என்று பொய் சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, "என்னய மன்னிச்சிரு மிக்கேலு" என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீங்களா அக்கா என்னயக் கடல்ல எறக்குனீங்க? வேகமா மேல வந்தது நாந்தானே. படகுல அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன்னுதான் சொன்னாவ. நாந்தான் அக்கா கை பட்டா சரியாயிரும்னு வந்தேன்." சிரித்தார். "வெந்நின்னு நானும்லா பொய் சொன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. பாரம் இறங்கியதால் வந்த அழுகை என்றுதான் நினைக்கிறேன்.

பிலோமி கழுவுவதை நிறுத்தியிருந்தாள். "ஒண்ணு கேக்கட்டா அக்கா?" என்றாள். "அன்னைக்குக் காலையில நானும்லா வந்திருந்தேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு நினைவில்லை. அவர் தனியாக வந்ததாகத்தான் நினைவு. மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அதை இப்போதும் அடிக்கவில்லை, ஒன்பது வருடமாக என் மனதில் இருந்தது அதுதான் என்பதால்.

"வாசப்படியில நின்னேன். அவரு ஒத்தக்கால் செருப்பு கால்ல நிக்காமக் கழண்டு கழண்டு போச்சி. அதக் கையில வச்சிக்கிட்டு நின்னேன். நீங்க ஊசியெல்லாம் எடுத்த பொறவு, 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டா அக்கா, எனக்குப் பயமா இருக்கு'ன்னு கேட்டேன். நீங்க கை கழுவிக்கிட்டு இருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. 'அங்கன கொண்டுபோயி மருந்து ஏத்துனா ஊசி போட்டதெல்லாம் வீணாப் போயிரும். ஒரு நாள் பொறு, அதுவா ஓடத் தொடங்கிரும்'னு சொன்னீங்க. அவரு வீட்டுக்கு வந்து படுத்தாரு. நீங்க சொல்லிட்டீங்களேன்னு நானும் சும்மா இருந்தேன். நாலு மணி வரைக்கும் அவரு கால அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

"விடு பிலோமி" என்றார் மிக்கேல்.

"நான் சண்டைக்குச் சொல்லல. இத்தன வருஷமா நான்தான் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டேன்னு அவரு அம்மா சாவுற வரைக்கும் சொன்னாவ. எனக்கே அப்படித்தான் தோணும். நீங்க அப்படிச் சொன்னீங்களா, இல்ல நானாத்தான் நெனச்சிக்கிட்டேனான்னு எனக்கே சந்தேகமாயிட்டு. அதான் கேக்கேன். சொன்னீங்களா அக்கா?"

அந்த வாக்கியம் என்னுடையதுதான். அந்த நாட்களில் எத்தனையோ பேரிடம் அதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன். கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொல்வதும் என் வழக்கம்தான். அவள் கேட்டது ஒரே ஒரு சொல். ஆமாம் என்றால் போதும். அவளுடைய மாமியார் சொன்னதெல்லாம் அவள் தலையிலிருந்து இறங்கியிருக்கும்.

"எனக்கு ஞாபகம் இல்லையே பிலோமி" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டது என் ஞாபகத்தை அல்ல. அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சங்கைத் தண்ணீருக்குள் எடுத்துப் போட்டாள்.